உபகாரமா, சம்பளமா? யூத சமூகத் தலைமைக் கல்வியும் அதற்கான நிதியும்



நம்மிடையே நாள்தோறும் வழங்கும் ஒரு சொல்லிலிருந்து இவ்வுரையைத் தொடங்க விரும்புகிறேன். மாணவர் ஒருவரின் உயர்கல்விக்கு அளிக்கப்பெறும் நிதியைத் தமிழகத்தார் கல்வி உதவித்தொகை என்பர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் அதனை உபகாரச் சம்பளம் என்கிறோம். உபகாரம் என்பது கைம்மாறு கருதாது செய்யும் உதவி. சம்பளம் என்பது பணிக்கு உரிய ஊதியம். தம்முள் மாறுபட்ட இவ்விரு கருத்துகளும் ஒரே தொடரில் இணைந்து நிற்கின்றன. மாணவர் பெறுவது நன்கொடையா, அல்லது இனிச் செய்யப்போகும் பணிக்கு முன்கூட்டியே வழங்கப்பெறும் ஊதியமா? இவ்வினாவுக்கு ஒரு சமூகம் கூறும் விடையைப் பொறுத்தே அதன் நாளைய தலைவர்கள் அமைவார்கள் என்பது என் கருத்து. அக்கருத்தை விளக்க, அமெரிக்க யூதர்கள் தம் சமூகத் தலைமைக்கு ஆள் உருவாக்கிய வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன்.

யூதர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். சிங்கப்பூரின் வாட்டர்லூ தெருவில் அவர்களின் தொழுகைக்கூடம் 1878 முதல் நிலைபெற்றுள்ளது. 1955-இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற டேவிட் மார்ஷல் அச்சமூகத்தவரே. ஆயினும், சமூகத் தலைமையைப் பல்கலைக்கழக முதுகலைப் பாடமாக்கி, அதைப் பயில்வோருக்கென நிதியும் ஒதுக்கிய முயற்சி அமெரிக்காவிலேயே விரிவாக நிகழ்ந்தது. எனவே நம் பார்வையை அங்கே செலுத்துவோம்.

வாக்குறுதியிலிருந்து தொழிலுக்கு

1654-ஆம் ஆண்டு பிரேசிலின் ரெசிஃபே நகரிலிருந்து வெளியேறிய யூதர் 23 பேர், இன்று நியூயார்க் எனப்படும் நியூ ஆம்ஸ்டர்டாமில் வந்திறங்கினர். ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் அவர்களை வெளியேற்ற விரும்பினார். ஆனால் டச்சு மேற்கிந்தியக் கம்பெனி 1655-இல் அவர்கள் தங்க இசைவளித்தது. அவர்களுள் ஏழைகளானோர் கம்பெனிக்கோ ஊருக்கோ சுமையாகாமல், அவர்தம் இனத்தாராலேயே பேணப்படவேண்டும் என்பது நிபந்தனை. தம் ஏழையைத் தாமே காப்பது யூத மரபில் முன்னரே இருந்த அறந்தான். அது அங்கே குடியிருப்பதற்கான விலையாகவும் ஆயிற்று.

சிறிய குழுவுக்கு இவ்வேற்பாடு போதுமானதாக இருந்தது. 1881 முதல் 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட யூதர் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தபோது நிலைமை மாறியது. அநாதை இல்லம், மருத்துவமனை, கடனுதவிச் சங்கம், தொழிற்பயிற்சிக்கூடம் எனத் தனித்தனி அமைப்புகள் தோன்றி, ஒரே செல்வர்களின் வாயிலில் மாறிமாறி நின்றன. இதனை ஒழுங்குபடுத்த 1895-இல் பாஸ்டனிலும் 1896-இல் சின்சினாட்டியிலும் கூட்டமைப்புகள் உருவாயின. நிதியை ஒரே இடத்தில் திரட்டித் தேவைக்கேற்பப் பங்கிடுவது அவற்றின் முறை. 1899-இல் யூத அறநிலையங்களின் தேசிய மாநாடு அமைக்கப்பெற்றது.

நிதி ஒன்றுகூடியதும் புதியதொரு கேள்வி எழுந்தது. இதனை நிருவகிப்பவர் யார்? ஓய்வு நேரத்தில் தொண்டு செய்யும் வணிகர்களின் நல்லெண்ணம் மட்டும் போதாது. கணக்கும் சட்டமும் தெரிய வேண்டும்; குடும்பங்களின் துயரைக் கேட்டறியும் பயிற்சி வேண்டும்; தம் மக்களின் மொழியும் சமயமும் வரலாறும் தெரிந்திருக்கவும் வேண்டும். இவ்வாறே சமூகப்பணி ஒரு தொழிலாகியது. தொழில் என்றால் அதற்குப் பள்ளி வேண்டுமன்றோ?

திறந்த பள்ளி, மூடிய பள்ளி

1925-இல் நியூயார்க்கில் யூத சமூகப்பணிக்கான பயிற்சிப் பள்ளி ஒன்று திறக்கப்பெற்றது. பின்னர் அது முதுகலைப் பள்ளியாக உயர்ந்தது. ஆசிரியர்கள் இருந்தனர், மாணவர்கள் இருந்தனர், பொருளாதாரப் பெருவீழ்ச்சியின் காலமாதலால் பணிக்கும் குறைவில்லை. எனினும் நிலையான நிதியாதரவு இல்லாமல் அப்பள்ளி 1940-இல் மூடப்பட்டது. ஐரோப்பாவில் யூதரின் வாழ்வே பேரழிவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த வேளையில், பயிற்சி பெற்ற பணியாளரை உருவாக்கிய பள்ளி மறைந்தது. பசித்தவருக்கு இன்று உணவளிப்பதற்கும், நாளை உணவு வழங்கும் அமைப்பை நடத்தவல்லவரைப் பயிற்றுவதற்கும் போட்டி வருமாயின், பின்னதே எப்போதும் தோற்கும். இது அச்சமூகத்திற்கு மட்டும் உரிய குறை அன்று.

அடுத்த தலைமுறையில் வேறு பள்ளிகள் எழுந்தன. யெஷிவா பல்கலைக்கழகம் 1957-இல் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கியது. ஹீப்ரு யூனியன் கல்லூரி 1968-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் யூத சமூகப்பணிக்கெனப் பள்ளி நிறுவியது. மாசசூசெட்ஸில் உள்ள பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஹார்ன்ஸ்டைன் திட்டம் 1969-இல் தோன்றியது. பிற்காலத்தில் அத்திட்டத்தின் மாணவர்கள் யூதத் தலைமைக்கான முதுகலைப் பட்டத்தோடு வணிக நிருவாகப் பட்டத்தையும் சேர்த்துப் பெறும் வழி வகுக்கப்பட்டது. பழைய நூல்களைப் பயிலும் மாணவரே வரவுசெலவுத் திட்டத்தையும் ஆராய்வார் என்பது இதன் பொருள்.

அதே 1969-ஆம் ஆண்டு நவம்பரில், யூதக் கூட்டமைப்புகளின் பேரவை பாஸ்டனில் கூடியபோது, மாணவர்கள் திரண்டு வந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். மருத்துவமனைகளுக்கு வாரி வழங்கும் கூட்டமைப்புகள் யூதக் கல்விக்குப் போதிய நிதி ஒதுக்கவில்லை என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அவர்களுள் ஒருவருக்குப் பேரவை மேடையில் பேச வாய்ப்பு அளிக்கப்பட்டது. பெரியோர் சிலர் முகஞ்சுளித்தாலும், கல்வி சமூக நிதியின் முதன்மைச் செலவுகளுள் ஒன்று என்ற எண்ணம் பின்வந்த ஆண்டுகளில் வலுப்பெற்றது. கேட்ட மாணவர்களும், கேட்க இடமளித்த பெரியவர்களும் அதற்குக் காரணமாயினர் என்பதை இங்குள்ள மாணவர்கள் மனத்திற்கொள்க.

இருவகை உதவி

பள்ளி இருந்தால் மட்டும் போதாது. அமெரிக்காவில் முதுகலைக் கல்விக்குப் பெரும்பொருள் செலவாகும். கடன் வாங்கிப் பயின்றவர், கடனை விரைவில் தீர்க்கவல்ல ஊதியம் உள்ள இடத்தையே நாடுவார். சமூக அமைப்புகள் தரும் ஊதியமோ வணிக நிறுவனங்கள் தருவதினும் குறைவு. ஆகவே, ஆர்வம் உள்ளவர் விலகிப்போக, குடும்பச் செல்வம் உள்ளவரே இப்பணிக்கு வரக்கூடும். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் தலைமைக்கு வருவார்களாயின், ஏழைகளின் பொருட்டுத் தோன்றிய அமைப்பு ஏழைகளை அறியாதவர் கையில் சேர்ந்துவிடும். உபகாரச் சம்பளத்தின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

அவ்வுதவி இருவகையாக அமைந்தது. முதல்வகை, கூட்டமைப்புகளின் பேரவை தானே வழங்கியது. அதனைப் பெற்றவர் படிப்பு முடிந்தபின் கூட்டமைப்பு ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றக் கடமைப்பட்டவர். இது பெரிதும் சம்பளத்தின் இயல்புடையது. கொடுப்பவரும் பெறுபவரும் தத்தம் பொறுப்பைத் தெளிவாக அறிவர்.

இரண்டாம் வகை, தனியார் அறக்கட்டளைகள் வழங்குவது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, வெக்ஸ்னர் அறக்கட்டளை 1988-இல் தொடங்கிய முதுகலை மாணவர் திட்டம். சமயகுரு ஆகவிருப்போர், கல்வியாளர், யூதவியல் ஆய்வாளர், சமூக அமைப்புகளின் நிருவாகிகள் ஆகியோருள் ஆண்டுதோறும் ஏறத்தாழ இருபது பேர் தேர்வு பெற்றனர். பணத்தோடு பயிற்சி முகாம்களும் உண்டு. பழைமை வழுவாத மரபினரும் சீர்திருத்த மரபினரும் ஒரே அறையில் அமர்ந்து விவாதித்தனர். மாறுபட்ட கொள்கையினரை இளமையிலேயே நண்பராக்கியது இத்திட்டத்தின் பெரும்பயன் எனலாம்.

கொடுப்பவரும் பெறுபவரும்

இனி, இவ்வரலாற்றின் கடினமான பகுதிக்கு வருவோம். 2019-இல், கடுங்குற்றஞ்சாட்டப்பட்டுக் கைதான நிதி ஆலோசகர் ஒருவருக்கும் அவ்வறக்கட்டளையின் நிறுவனருக்கும் முன்பு இருந்த தொடர்பு பொதுவெளியில் பேசப்பட்டது. அக்குற்றங்களைத் தாம் அறிந்திருக்கவில்லை என்று நிறுவனர் கூறினார். எனினும், அத்திட்டத்தில் பயின்றோர் சிலர் வெளிப்படையாகவே கேள்வி எழுப்பினர். தம்மை வளர்த்த நிதியைக் குறித்துத் தாமே வினவுவது நன்றியின்மையா, அல்லது தாம் கற்ற தலைமையின் கடமையா? அவர்கள் கடமை என்றே கொண்டனர்.

இச்சிக்கலுக்கு யூத மரபிலேயே பழைய வழிகாட்டுதல் உண்டு. சமூக அறநிதியை இருவர் சேர்ந்தே திரட்டவேண்டும், மூவர் சேர்ந்தே பங்கிடவேண்டும் என்று மிஷ்னா விதிக்கிறது. தனியொருவர் கையில் நிதியும் தீர்ப்பும் சேரக்கூடாது என்பதே அதன் உட்கருத்து. பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடீஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாத ஈகை இரண்டாவதாக உயர்ந்த படி. ஒருவருக்குக் கடனோ பங்காண்மையோ வேலையோ தந்து, அவர் இனிப் பிறரிடம் கையேந்தாதபடி செய்வது யாவற்றினும் உயர்ந்த படி.

இவ்வளவுகோலைக் கல்வி உதவிக்கும் பொருத்திப் பாருங்கள். மாணவரைத் தன்காலில் நிறுத்துவதால் அது முதற்படியில் இடம்பெறத் தகும். கொடுத்தவர் பெயரை வாழ்நாள் முழுதும் சுமக்கச் செய்யுமாயின், சில படிகள் கீழிறங்கிவிடும். தலைவர் என்பவர் தமக்கு உதவியவரிடமே ஒருநாள் "இயலாது" என்று கூற நேரும். அவ்வாறு கூறும் உரிமையைப் பறித்துக்கொண்டு அளிக்கும் உதவி தலைவரை உருவாக்காது, ஏவலரையே உருவாக்கும்.

மற்றொரு வரம்பும் உண்டு. அமெரிக்க யூத அமைப்புகளின் ஊழியருள் பெண்களே மிகுதி. ஆயினும் பெரிய நகரக் கூட்டமைப்புகளின் உயர்பதவி நெடுங்காலம் ஆண்களிடமே இருந்தது. ஒரே பள்ளியில் ஒரே பட்டம் பெற்றும் பெண்கள் நடுநிலைப் பதவிகளிலேயே தேங்கினர். உபகாரச் சம்பளம் பள்ளியின் கதவைத் திறக்கும். அலுவலகத்தின் உட்கதவைத் திறக்கவேண்டியவர்கள் நிருவாகக் குழுவினர். அவர்கள் அதனைச் செய்யாவிடில், படிக்கவைத்த பொருளில் ஒரு பகுதி வீணாகும்.

நிறைவாக

அவையோரே, கல்வி நிதியைப் பற்றிப் பேசும்போது தொகையை மட்டும் கேட்டு அமைதியடைகிறோம். அமெரிக்க யூதரின் பட்டறிவு வேறு நான்கு கேள்விகளையும் கேட்கத் தூண்டுகிறது. நிதி யாரிடமிருந்து வருகிறது? மாணவரைத் தேர்ந்தெடுப்பவர் யார்? பெற்றவர் யாருக்குக் கடமைப்பட்டவர்? படித்து முடித்தவருக்குத் தகுந்த பணியும் மதிப்பும் காத்திருக்கின்றனவா? ஆசிரியர்கள் தம் மாணவருக்கு விண்ணப்பப் படிவத்தைக் காட்டுவதோடு இக்கேள்விகளையும் கற்பிக்க வேண்டுகிறேன்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு என் விடை இதுதான். கொடுப்பவர் அதனை உபகாரமாகக் கருதட்டும். அப்போது அவர் கைம்மாறு எதிர்பாரார். பெறுபவர் அதனைச் சம்பளமாகக் கருதட்டும். அப்போது அவர் பணியில் குறைவையார். அப்பணி கொடுத்த கைக்கு உரியதன்று, சமூகம் முழுமைக்கும் உரியது என்பதை இருவரும் உணர்ந்தால், அந்நிதி தன் பயனை அடையும்.