காசியில் இரு கல்விகள்



தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மவர் இல்லங்களில், பிள்ளை ஆறாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும்பொழுது ஒரு பேச்சு எழுவதுண்டு. பள்ளியில் மூன்றாவது மொழியாக வடமொழி வைத்திருப்பார்கள், தமிழ் இராது. வேறு வழியின்றிப் பிள்ளை வடமொழியை எடுத்துக்கொள்ளும். உருப்போட்டால் மதிப்பெண் கிட்டும் என்பது தவிர அதற்குப் பெரிய காரணம் எதுவும் இருப்பதில்லை. மூன்றாண்டு கழிந்தால் படித்ததெல்லாம் உதிர்ந்துவிடும். ஆனால் நூற்றில் ஒரு பிள்ளைக்கு அம்மொழி உள்ளத்தில் ஒட்டிக்கொள்கிறது. அப்பிள்ளை கணக்கிலும் கெட்டியாக இருந்துவிட்டாலோ, சங்கடம் பெற்றோருக்கு. "இதை மேலே படித்தால் சோறு கிடைக்குமா?" என்கிறார் தகப்பனார். "இரண்டையும் சேர்த்துப் படிக்க எங்கும் இடமில்லையா?" என்கிறாள் தாயார்.

இத்தாயாரின் கேள்வியை இப்பொழுது அரசாங்கமும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பாரத நாட்டின் பழைய அறிவு மரபுகளைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்றது. அதே ஆண்டில் தில்லியில் இரண்டும் திருப்பதியில் ஒன்றுமாக, வடமொழிக்கென்று அமைந்த மூன்று நிறுவனங்கள் மத்தியப் பல்கலைக்கழகங்களாக உயர்த்தப்பட்டன. எனினும் கேள்வி புதிதன்று. காசி நகரத்தில் நெடுங்காலமாக இதற்கு விடை தேடி வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது என்ன, காணாதது என்ன என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனாதலால், சொல்லிலிருந்து தொடங்குவது எனக்கு வழக்கம். நம் தந்தையர் காலத்தில் 'சர்வகலாசாலை' என்றார்கள்; எல்லாக் கலைகளுக்கும் உரிய சாலை என்பது பொருள். இந்தியில் 'விசுவவித்யாலயம்' என்கிறார்கள். உலகத்து வித்தை முழுவதும் அதற்குள் அடக்கம். நாம் பின்னர் ஏற்றுக்கொண்ட 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லோ 'பல' என்று அடக்கமாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. பல கலைகளை ஒரு மதிலுக்குள் கூட்டுவது அருமையன்று. பணமும் நிலமும் இருந்தால் போதும். கூட்டிய கலைகள் ஒன்றோடொன்று பேசுமா என்பதுதான் அருமை.

1791-இல் காசியில் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த ஜோனதன் டங்கன் என்பவர் வடமொழிக் கல்லூரி ஒன்றை நிறுவினார். அவருக்கு இருந்த அக்கறை, தர்ம சாஸ்திரத்தை எடுத்துரைத்து நீதிமன்றங்களுக்கு உதவக்கூடிய பண்டிதர்களைத் தயாரிப்பது. அதில் கலப்பு எதுவும் இல்லை. கலப்பு என்ற எண்ணத்தை அங்கே கொணர்ந்தவர் 1846-இல் அக்கல்லூரியின் தலைமைக்கு வந்த ஜேம்ஸ் பாலண்டைன்.

அவருடைய எண்ணம் வினோதமானது. பண்டிதரை ஐரோப்பியராக்க அவர் விரும்பவில்லை. பண்டிதருக்கு ஏற்கெனவே நியாய சாஸ்திரம் தெரியும். தர்க்கத்தில் அவரை வெல்ல ஆளில்லை. ஆகவே புதிய விஞ்ஞானத்தை நியாய சாஸ்திரத்தின் சொற்களிலேயே, அதன் வரிசையிலேயே எடுத்து வைத்தால் என்ன என்று அவர் நினைத்தார். அவ்வாறே விஞ்ஞானச் சுருக்கம் ஒன்றை வடமொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். விட்டல சாஸ்திரி என்ற பண்டிதரைக் கொண்டு, ஆங்கில தத்துவ ஞானி பேகனின் நூலுக்கு வடமொழியில் விளக்கம் எழுதச் செய்தார். அது 1852-இல் அச்சாயிற்று. சோதனை செய்து பார்க்காமல் உண்மையை அறிய முடியாது என்று வாதாடும் நூலைச் சூத்திர உரை நடையில் பண்டிதர் விளக்குகிறார் என்றால், அந்தக் காட்சியை நீங்களே மனத்தில் எழுதிக்கொள்ளலாம். கலைச்சொல் ஆக்குவது என்னும் வேலையின் வேதனையை அறிந்தவன் என்ற முறையில், அவ்விருவரிடத்திலும் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும் 1861-இல் பாலண்டைன் சென்றபின் அம்முயற்சி அதே வேகத்தோடு தொடரவில்லை. ஒருவருடைய ஆர்வத்தின் தோளில் நின்ற ஏற்பாடு அது.

ஆனால் அதே கல்லூரியில், சத்தமில்லாமல், உண்மையான கலப்பு ஒன்று வேறொருவரிடத்தில் நிகழ்ந்துகொண்டிருந்தது. அவர் பாபுதேவ சாஸ்திரி. 1821-இல் பிறந்த மகாராஷ்டிரர். போபாலுக்கு அருகிலுள்ள சீஹோரில் வில்கின்சன் என்ற ஆங்கில அதிகாரியின் ஆதரவில் சித்தாந்த நூல்களையும் மேனாட்டுக் கணிதத்தையும் ஒருசேரக் கற்று, 1842-இல் காசிக்கு ஆசிரியராக வந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கராசாரியர் இயற்றிய 'சித்தாந்த சிரோமணி'யைப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தபொழுது, ஓரிடம் அவரை நிறுத்தியது. ஒரு கிரகத்தின் நாள் கணக்கான வேகத்தை அன்றி, ஒரு கணத்திற்குரிய வேகத்தை, 'தாத்காலிக கதி' என்று பாஸ்கரர் கணக்கிடுகிறார். மேனாட்டார் நுண்கணிதம் என்று போற்றுவதன் வித்து இதில் இருக்கிறது என்று 1858-இல் சாஸ்திரியார் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார்.

பிறகு நடந்ததுதான் சுவையானது. இங்கிலாந்தின் கணித அறிஞர் ஸ்பாட்டிஸ்வுட் 1860-இல் அதற்கு மறுமொழி எழுதினார். ஒற்றுமை உண்டுதான், ஆனால் சாஸ்திரியார் சொல்லுமளவுக்கு அது போகாது என்பது அவர் கட்சி. இதில் எவர் பக்கம் நியாயம் அதிகம் என்பதைக் கணிதம் வல்லோர் சொல்லட்டும். நான் சுட்ட விரும்புவது வேறு. பழைய நூலைப் பற்றிய ஒரு கூற்று, எழுபது தலைமுறைக்கு முன்பே எல்லாம் நம்மிடம் இருந்தது என்ற வெறும் பெருமையாக நின்றுவிடாமல், மற்றொருவர் ஆராய்ந்து மறுக்கக்கூடிய கூற்றாக ஆகிவிட்டது. மூல நூலும் தெரிந்து, புதிய கணிதமும் தெரிந்த ஒருவர் இல்லாமல் இது நடந்திராது.

சாஸ்திரியார் மேனாட்டு வானியல் கணக்கைக் கொண்டு பஞ்சாங்கமும் கணித்தார். பஞ்சாங்கம் என்றவுடன் நம் நேயர்களுக்கு வாக்கியம், திருக்கணிதம் என்ற பூசல் நினைவுக்கு வரும். அமாவாசைத் தர்ப்பணத்துக்கு எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பது என்று தாதரிலும் கரோல்பாகிலும் இன்றும் வாக்குவாதம் நடக்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில் இப்பூசலுக்குள் தென்னாட்டில் இறங்கியவர், சென்னை வானாய்வு நிலையத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாசாரி. 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைத் தொலைநோக்கியில் கண்டறிந்த அதே மனிதர்தான், கண்ணுக்குத் தெரியும் வானத்தோடு பொருந்தவேண்டும் என்று திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டார். காசியிலும் சென்னையிலும் இரு கல்விகள் சந்தித்த இடம் ஒரே இடமாக இருந்தது தற்செயல் அன்று. கிரகணம் குறித்த நாழிகையில் வந்தே தீரவேண்டும். அங்கே சாக்குச் சொல்ல முடியாது.

டங்கனின் கல்லூரி 1958-இல் வடமொழிப் பல்கலைக்கழகமாயிற்று. 1974 முதல் சம்பூர்ணானந்தர் பெயரைத் தாங்கி நிற்கிறது. காசிக்குச் செல்வோர் பெரும்பாலும் காணும் பெரிய வளாகம் இதுவன்று. மாளவியர் கண்ட இந்துப் பல்கலைக்கழகம். அன்னி பெசண்ட் அம்மையார் 1898-இல் தொடங்கிய மத்திய இந்துக் கல்லூரியைக் கருவாகக் கொண்டு, 1915-இல் சட்டம் இயற்றப்பெற்று, 1916 பிப்ரவரி 4-ஆம் நாள் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். இரண்டு நாள் கழித்து அவ்விழாவில் பேசிய காந்தியடிகள், காசி நகரத்தில் தம் நாட்டு மக்களிடம் அந்நிய மொழியில் பேச நேர்ந்ததே தலைகுனிவு என்று கூறியதும், நகைகள் பூண்டு அமர்ந்திருந்த மன்னர்களைக் கடிந்ததும், பேச்சு இடையில் நின்றதும் பலரும் அறிந்த வரலாறு.

நம்மவருக்கும் அப்பல்கலைக்கழகத்துக்கும் உள்ள உறவு சிறிதன்று. அதன் இரண்டாவது துணைவேந்தர் சர் பி. எஸ். சிவசாமி ஐயர். மாளவியருக்குப்பின் 1939 முதல் 1948 வரை அப்பதவியில் இருந்தவர் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன். 1954 முதல் 1956 வரை சர் சி. பி. ராமசாமி ஐயர்.

மாளவியர் மனத்தில் இருந்தது ஒரு முழு நாடு. சாஸ்திரங்களும் வடமொழியும் பேணப்பட வேண்டும். அதே வாயிலுக்குள், நாட்டின் தொழில்கள் வளரும்படி பொறியியலும் கற்பிக்கப்பட வேண்டும். 1919-இலேயே பொறியியல் கல்லூரி தொடங்கிவிட்டது. 1930-களில் மருந்தாக்கக் கல்வி இந்தியாவில் முதன்முதலாக அங்குதான் வேரூன்றியது. ஒரு பக்கம் வேத பாடம். ஒரு பக்கம் பட்டறைச் சக்கரம். இவை அருகருகே இருந்தன என்பது பெருமைக்குரியதே. ஆயினும் அருகிருத்தல் வேறு, கலத்தல் வேறு. வேதம் படித்தவர் வேதம் படித்தவராகவும் இயந்திரம் படித்தவர் இயந்திரம் படித்தவராகவுமே பெரும்பாலும் வெளியே வந்தார்கள்.

ஒரே ஒரு துறையில் மட்டும் இரண்டையும் ஒரே மாணவன் தலையில் ஏற்றிப் பார்த்தார்கள். அது ஆயுர்வேதம். காலையில் சரகரும் சுசுருதரும். பிற்பகலில் நவீன உடற்கூறும் அறுவை மருத்துவமும். இரட்டைப் பாடம் படித்து வெளிவந்தவரை, நவீன மருத்துவர் தம் இனமாக ஏற்கத் தயங்கினார். பரம்பரை வைத்தியரோ, 'சுத்த ஆயுர்வேதம் கெட்டது' என்றார். இருபுறமும் அந்நியராக நிற்பது என்னவென்று, ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு விளக்கத் தேவையில்லை. இறுதியில் 1960-இல் அக்கல்லூரி நவீன மருத்துவக் கல்லூரியாக மாற்றப்பட்டது. ஆயுர்வேதம் தனிப் பிரிவாக ஒதுங்கியது. இப்பொழுது அதே மருத்துவ அறிவியல் நிறுவனத்துக்குள் தனிப் புலமாக இருக்கிறது. ஒரே வகுப்பில் இரண்டையும் கலக்கும் ஏற்பாடு தோற்றது என்றே சொல்லவேண்டும்.

அந்த மாற்றத்தை நடத்தியவர் டாக்டர் கே. என். உடுப்பா. அவரே பழைய இரட்டைப் பாடத்தில் தேறியவர். பின்னர் வட அமெரிக்கா சென்று அறுவை மருத்துவம் பயின்றவர். மத்திய அரசு 1958-இல் ஆயுர்வேதத்தின் நிலையை மதிப்பிட அமைத்த குழுவுக்கும் அவரே தலைவர். கல்லூரியைப் பிரித்த அந்தக் கைதான் வேறோர் இடத்தில் இரண்டையும் சேர்த்தது. இந்தியில் 'ஹட்ஜோட்' என்று ஒரு கொடி உண்டு. எலும்பு ஒட்டி என்று பொருள். முறிந்த எலும்புக்கு அதைக் கட்டுவது வழக்கம். வேறொன்றுமில்லை, நம் வீட்டுத் துவையலில் அரைபடும் பிரண்டைதான்! உடுப்பாவும் அவருடன் பணியாற்றிய பிரசாத்தும் அதை ஆய்வு விலங்குகளுக்குக் கொடுத்து, கதிரியக்கக் கால்சியத்தை முறிந்த எலும்பு எவ்வளவு ஈர்த்துக்கொள்கிறது, ஒட்டிய எலும்பு எவ்வளவு விசையைத் தாங்குகிறது என்று அளந்தார்கள். பிரண்டை பெற்றவற்றில் எலும்பு விரைந்து வலுப்பெற்றதாக 1964-இல் எழுதினார்கள். விலங்கில் கண்டதை மனிதர்க்கு அப்படியே பொருத்திவிட முடியாது. அதற்கு மேலும் சோதனை வேண்டும். ஆனால் கேள்வி பழைய நூலிலிருந்து வந்தது. அளவுகோல் புதிய கூடத்திலிருந்து வந்தது. பாபுதேவ சாஸ்திரியின் கதையும் இதுதான் என்பதைக் கவனியுங்கள்.

இனி, அந்தத் தாயாருக்கும் தகப்பனாருக்கும். வடமொழிப் பல்கலைக்கழகங்களில் 'சாஸ்திரி' என்பது பி. ஏ.க்கும், 'ஆசார்யா' என்பது எம். ஏ.க்கும் நிகரான பட்டம். அவற்றைப் பெற்றோருக்குப் பெரும்பாலும் வாய்ப்பது ஆசிரியப் பணியே; இதை மறைப்பதில் பயனில்லை. பழமையும் புதுமையும் இணைந்த கல்வி என்று விளம்பரம் செய்யும் நிறுவனம் எதுவாயினும், சேர்க்குமுன் சிலவற்றை விசாரியுங்கள். சோதிடம் கற்பிக்கும் துறையில் கணிதம் கற்பிப்பவர் யார்? அவர் மூல நூலைத் தாமே வாசிக்கக் கூடியவரா, அன்றி மொழிபெயர்ப்பை நம்பியிருப்பவரா? மாணவன் ஆசிரியரை மறுத்துப் பேசினால் கேட்பார்களா? காசியின் சரசுவதி பவன நூலகத்தில் ஒரு லட்சத்தை ஒட்டிய சுவடிகள் இருக்கின்றன. அவற்றில் கணிதமும் வானியலும் மருத்துவமும் உண்டு. எழுத்தும் தெரிந்து, கணக்கும் தெரிந்த கண்கள் அவற்றுக்கு இன்னும் போதவில்லை. உங்கள் பிள்ளை கணிதத்தை விடாமல் பட்டம் வரை கொண்டுபோகட்டும். கூடவே மாலையில் ஒரு பண்டிதரிடம் சித்தாந்த நூல் பாடம் கேட்க வழியுண்டா என்று, கோடை விடுமுறையில் காசிக்குப் போகும்பொழுது கங்கை ஸ்நானத்தோடு அதையும் விசாரித்துவிட்டு வாருங்கள்.