படம் எடுத்த பிறகு மருந்தடியுங்கள்



வேடந்தாங்கல் ஏரியில் பறவைகள் பெரும்பாலும் கிளம்பிவிட்டால், வெளியூர்க்காரர்களின் கேமராக்களும் கிளம்பிவிடும். கோடை வெயிலில் சாலையோரத்தில் எருக்கும் ஆவாரையும் பூத்து நிற்பதை யாரும் பார்ப்பதில்லை. உங்கள் கைப்பேசியில் அவற்றைப் படம் எடுங்கள். பொழுதுபோக்குக்காகச் சொல்லவில்லை.

பார்த்தீனியத் தண்டில் வெள்ளையாக அப்பியிருப்பது மாவுப்பூச்சி. பயிர் வைத்ததும் வெண்டைக்கும் கத்தரிக்கும் வந்துவிடும். அதன் நடுவே நீண்ட மெழுகு இழைகளோடு சற்று விரைவாக ஊர்வது கிரிப்டோலீமஸ் பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சியைத் தின்பது. இரண்டும் வெள்ளை. தின்பதையே நசுக்கியவர்களில் நானும் ஒருவன்.

2008இல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பார்த்தீனியத்திலும் வளர்வதுதான். அதை அடக்கியது மருந்தல்ல. 2010இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து வரவழைத்த அசிரோபேகஸ் என்னும் சிறு குளவி.

எருக்கிலையைத் தின்னும் வரிப்புழுவை விட்டுவிடுங்கள். அது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியாகும். உங்கள் பயிருக்கு வராது.

வெயில் ஏறுமுன் எடுங்கள். அப்போது பூச்சி அதிகம் நகராது. ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள்; உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது. செடி முழுவதும் ஒரு படம், இலையின் அடிப்பக்கம் ஒன்று, அளவு தெரியத் தீக்குச்சி வைத்து ஒன்று. பார்த்தீனியத்தை வெறுங்கையால் தொடாதீர்கள், அரிப்பு வரும். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது.

படங்களைக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். மருந்துக் கடைக்கு அதன் பிறகு போகலாம்.