ஆர்க்கிடுகளின் வகைமாதிரித் தாள்கள்

ஒரு தாவரப் பெயர் எந்தச் செடிக்கு உரியது என்பதைத் தீர்மானிப்பது உலர்தாவரகத்தில் இருக்கும் ஒரு தாள். அதுவே வகைமாதிரி. 1958 ஜனவரி 1 முதல், வகைமாதிரியைச் சுட்டாமல் வெளியிடும் புதிய இனப்பெயர் செல்லாது. தென்னிந்திய ஆர்க்கிடுகளில் பெரும்பாலானவை அதற்கு வெகுகாலம் முன்பே பெயர் பெற்றுவிட்டன. அதனால் அவற்றின் வகைமாதிரிகளில் பல, வகைமாதிரிகளுக்கென உள்ள சிவப்பு உறைக்குள் போகாமல் சாதாரணத் தாள்களோடு கலந்து கிடக்கின்றன.

ராபர்ட் வைட்டின் தொகுப்பே இதற்கு நல்ல சான்று. 1819இல் மருத்துவராக இந்தியா வந்து 1853இல் திரும்பியவர் அவர். ரங்கையா, கோவிந்து என்ற ஓவியர்களின் கைவண்ணத்தில் அவர் வெளியிட்ட தாவரப் படங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். ஆர்க்கிடுகளும் அவற்றில் ஏராளம். அவருடைய மாதிரிகளின் இணைத் தாள்களைக் கியூ தோட்டம் 1866-67இல் பல நாடுகளுக்கும் பிரித்துக் கொடுத்தது. அந்தத் தாள்களில் ஒட்டிய அச்சுச்சீட்டில் இடம் என்ற வகையில் இருப்பது 'இந்தியத் தீபகற்பம்' மட்டுமே. நீலகிரியா, சேர்வராயனா, பழனியா என்பதற்கு அதில் விடை இல்லை. சீட்டிலுள்ள எண்ணும் வைட் இட்டதன்று, கியூ இட்டது. வெவ்வேறு இடங்களில் பறித்த செடிகள் ஒரே எண்ணில் சேர்ந்திருக்கலாம். இதை அறியாதவர் தவறான தாளை வகைமாதிரி என்று நிலைநிறுத்திவிடக்கூடும்.

ஆர்க்கிடில் இன்னொரு சிக்கலும் உண்டு. இனத்தைப் பிரித்துக் காட்டும் உதட்டிதழ் பெரும்பாலும் சதைப்பற்றுள்ளது. அழுத்தி உலர்த்தினால் மடிந்து, நிறம் போய், பழுப்புச் சருகாகிவிடும். ஒரே ஒரு பூவை வெந்நீரில் இட்டு இளக்கி, ஊசிமுனையால் மெல்ல விரித்தால்தான் மேட்டு வரிகளும் மகரந்தத் திரளும் தெரியும். இரண்டு பூ மட்டும் எஞ்சியிருக்கும் நூற்றைம்பது ஆண்டுத் தாளில் இப்படிக் கைவைக்க மனம் துணியாது; துணியவும் கூடாது. அங்கே முதல் விவரிப்பு, கையெழுத்து, தேதி, பென்சில் குறிப்பு ஆகியவற்றை ஒப்பிட்டே முடிவுக்கு வர வேண்டும்.

சில தாள்களை யாருமே பார்க்க முடியாத காலமும் இருந்தது. 1889இல் மறைந்த ஆர்க்கிட் ஆய்வாளர் ரைஷன்பாக், தம் ஆர்க்கிட் தொகுப்பை வியன்னாவுக்கு எழுதிவைத்து, 25 ஆண்டுகள் திறக்கக்கூடாது என்று நிபந்தனை விதித்தார். பெர்லினில் நேர்ந்ததோ மீட்கவே முடியாத இழப்பு. ஆய்வாளர் ஷ்லெக்டரின் ஆர்க்கிட் மாதிரிகள் 1943 மார்ச் 1 இரவுக் குண்டுவீச்சில் எரிந்தன. அவற்றின் இணைத் தாள் ஒன்று வேறெங்காவது அகப்பட்டால் அதன் மதிப்பு பெரிது.

தென்னிந்தியத் தாவரங்களுக்குப் பெரிய களஞ்சியம் கோவையிலுள்ள சென்னை உலர்தாவரகம். 1853இல் தொடங்கிய தொகுப்பு அது. சென்னை மாகாணத் தாவர நூலில் ஆர்க்கிட் பகுதியை எழுதியவர் வன அலுவலர் ஃபிஷர். அவருடைய தாள்கள் கோவையிலும் உண்டு, கியூவிலும் உண்டு. கியூவின் படத்தைக் கணினித் திரையில் பார்த்து, கோவைத் தாளைத் தொட்டுக்கூடப் பாராமல் லெக்டோடைப் (பின்னர் தேர்ந்தெடுக்கும் வகைமாதிரி) அறிவிப்பது அவசர வேலை.

தாளை அடையாளம் கண்ட பிறகும் ஒரு படி மிச்சம் இருக்கிறது. ஏற்காட்டில் இந்தியத் தாவர ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் இயங்கிவருகிறது. அங்கே அதே இனம் பூக்கும்போது ஒரு பூவைச் சாராயப் புட்டியில் இட்டு, தாளில் இருக்கும் சருகோடு உதட்டிதழை வரிக்கு வரி ஒத்துப்பார்க்க வேண்டும்.