வளர்ந்த சிங்கங்கள் எங்கே?



பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையை வகுப்பிலே சொல்லும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பொலி எழும். "மயிலுக்கு ஏன் சேர் போர்வை?" என்று யாராவது ஒருவன் கேட்பான். நியாயமான கேள்விதான். நம் முன்னோரும் அதனைக் கேட்டிருக்க வேண்டும். அதனாலேதான் 'கொடைமடம்' என்று அதற்கொரு பெயர் வைத்தார்கள். கொடுப்பவனின் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. பெறுபவனுக்கு அது வேண்டியதுதானா என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. இந்தக் கொடைமடம் இக்காலத்திலே கடல் கடந்து செல்வதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

ஐரோப்பா, வட அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய இடங்களிலுள்ள மாணவர்கள் பலர், பல்கலைக்கழகம் புகுமுன்னரோ விடுமுறைக் காலத்திலோ, ஆபிரிக்காவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் சென்று வனவிலங்கு மீட்பு நிலையங்களில் தொண்டு செய்கின்றனர். சம்பளம் கிடையாது. விமானச் சீட்டும் அவர்கள் செலவு. தங்குவதற்கும் உண்பதற்கும் அவர்களே கட்டணம் செலுத்த வேண்டும். புலம்பெயர்ந்த நம்மவரின் பிள்ளைகளுக்கும் இப்போது இந்த ஆசை வந்திருக்கிறது. ரொறன்ரோவில் வாழும் என் தமக்கையின் மகள் அவர்களுள் ஒருத்தி. "மாமா, தென்னாபிரிக்காவிலை தாயில்லாத சிங்கக் குட்டியளுக்குப் பால் குடுக்கிற வேலை. வளர்ந்தாப் பிறகு காட்டிலை விடுவினமாம்" என்று தொலைபேசியிற் சொன்னாள். பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணம் கையிலே இருந்தது. குரலிலே அப்படியொரு மகிழ்ச்சி.

அவளுக்கு விளம்பரம் சொல்லாத கதை இதுதான். காட்டிலே வாழும் பெண் சிங்கம் தன் குட்டிகளை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தன்னோடு வைத்திருக்கும். அதுவரை அடுத்த ஈற்றுக்கு ஆயத்தமாகாது. குட்டிகளைப் பிறந்த சில நாட்களிலேயே பிரித்தெடுத்துவிட்டால், தாய் மிக விரைவில் மீண்டும் சினைப்படும். சினைக்காலமோ நான்கு மாதத்துக்கும் குறைவு. ஆகவே, பண்ணைக்காரனிடம் ஆண்டு முழுவதும் போத்தலிற் பால் குடிக்கும் குட்டிகள் இருந்துகொண்டே இருக்கும். முதலில் மாணவர்கள் காசு கொடுத்துப் பாலூட்டுவர். குட்டி சற்று வளர்ந்ததும் உல்லாசப் பயணிகள் காசு கொடுத்து அதனோடு உலாவுவர். முழுதாக வளர்ந்தபின் வேட்டைப் பிரியர்கள் காசு கொடுத்து, வேலியிட்ட நிலத்துக்குள் அதனைச் சுடுவர். மனிதனைக் கண்டால் ஓட வேண்டும் என்பதை அது கற்றதேயில்லை. எஞ்சிய எலும்பு ஆசிய நாடுகளுக்குப் போகும். 2015ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிளட் லயன்ஸ்' என்ற ஆவணப்படம் இந்தத் தொழிலை உலகுக்குக் காட்டியது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், தென்னாபிரிக்க அரசு நியமித்த உயர்மட்டக் குழு, அடைத்துவைத்துச் சிங்கம் வளர்க்கும் தொழிலை முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரை செய்தது. கையிலே வளர்ந்த சிங்கம் காட்டுக்குத் திரும்புவதென்பது பெரும்பாலும் விளம்பரத்தில் மட்டுமே நடப்பது.

பாலூட்டிய மாணவியின் அன்பு பொய்யல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அந்தக் குட்டியின் பசியும் பொய்யல்ல. ஆனால் அவள் வந்து தணிப்பதற்காகவே அந்தப் பசி உண்டாக்கப்பட்டது. தாயில்லாக் குட்டியல்ல, தாயில்லாமல் ஆக்கப்பட்ட குட்டி. இதை நினைக்கையில் எனக்குக் கோபம்தான் வருகிறது; நல்ல மனத்தைப் போல இலகுவில் விலைபோகும் பண்டம் வேறில்லைப் போலும்.

மருமகள் கெட்டிக்காரி. பணம் அனுப்புமுன் அந்த நிலையத்துக்கு ஒரேயொரு கேள்வி எழுதிக் கேட்டாள்: "சென்ற ஆண்டுகளில் வளர்ந்த சிங்கங்கள் இப்போது எங்கே?" பதிலாக வந்தது கட்டணத்திலே ஒரு சலுகை.

எல்லா நிலையங்களும் இப்படியானவை என்று எண்ணிவிட வேண்டாம். தேடித் திரிந்து அவள் படித்து, பின்னர் எனக்கும் அனுப்பிய நூல், லோறா கோல்மன் என்ற ஆங்கிலப் பெண்மணி எழுதி 2021இல் வெளியான 'த பூமா இயர்ஸ்'. பொலிவிய நாட்டின் காட்டிலே ஒரு மீட்பு நிலையத்துக்கு 2007ஆம் ஆண்டிற் சென்ற அனுபவத்தை அவர் எழுதியிருக்கிறார். அந்த நிலையத்தை நடத்தும் அமைப்பின் பெயர் இந்தி வாரா யாசி. கெச்சுவா, அய்மாரா, குவாரனி என்னும் மூன்று பூர்வீக மொழிகளிலிருந்து முறையே சூரியன், விண்மீன், நிலா என்ற சொற்களை எடுத்துக் கோத்த பெயர். மொழி படிப்பிக்கும் எனக்கு அந்தப் பெயரே ஒரு சிறு கவிதையாகத் தோன்றியது. 1992இல் உள்ளூர் இளைஞர்கள் தொடங்கிய அமைப்பு அது என்பதும் கவனிக்கத்தக்கது.

கோல்மனிடம் ஒப்படைக்கப்பட்டது வைறா என்ற பெண் பூமா. கெச்சுவா மொழியில் வைறா என்றால் காற்று. தாயை வேடர்கள் கொன்றுவிட, வீட்டுப் பிராணியாக விற்கப்பட்ட குட்டி. வீட்டிலே வளர்ந்த பூமாவைக் காட்டில் விட இயலாது. வேட்டையும் தெரியாது, மனிதப் பயமும் கிடையாது. ஆகவே கயிறு கட்டிக் காட்டுப் பாதைகளில் அழைத்துச் செல்வதுதான் தொண்டர்களின் வேலை. நூலில் கொஞ்சலும் குலாவலும் மிகக் குறைவு. நுளம்பு, சேறு, நனைந்து உலராத உடுப்பு, கூடு கழுவுதல், இறைச்சி வெட்டுதல், வைறாவின் உறுமல், நாட்கணக்கில் அதன் புறக்கணிப்பு, கோடையிலே காட்டுத்தீ நெருங்கிவர இரவு பகலாகத் தீத்தடுப்புப் பாதை வெட்டுதல் என்றே பக்கங்கள் நகர்கின்றன. சில காலம் இருந்துவிட்டு வரப்போனவர் ஆண்டுகள் பலவாகத் திரும்பத் திரும்ப அங்கே சென்றிருக்கிறார். அந்த அன்பினால் வைறாவுக்கு விடுதலை கிடைக்கவில்லை. அதையும் அவர் மறைக்காமல் எழுதுகிறார். அந்நூலை நான் மதிப்பது அதற்காகவே.

மனிதரோடு பழகுவது விலங்குக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தன் கையாலேயே கண்டவர் கென்யாவின் டாப்னி ஷெல்ட்றிக் அம்மையார். யானைக் கன்றுக்குப் பசுவின் பால் ஒவ்வாது. எதைக் கொடுத்தாலும் கன்றுகள் இறந்துகொண்டிருந்தன. பல்லாண்டு முயற்சியின்பின் அவர் கண்ட பாற்கலவையிலே யானைப் பாலின் கொழுப்புக்கு ஈடாக அமைந்தது, நேயர்களே, நமது தேங்காய் எண்ணெய்! 1970களில் அவர் அவ்வாறு வளர்த்த ஆயிஷா என்ற கன்று அவரையே தாயென்று பற்றிக்கொண்டது. மகளின் திருமணத்திற்காக அவர் சில நாட்கள் பிரிந்து செல்ல, அது உண்ண மறுத்தது, ஏங்கியே இறந்துபோனது. தொல்காப்பிய மரபியல் யானையின் இளமைக்குக் 'குழவி' என்ற பெயரையும் தருகிறது. மனிதப் பிள்ளைக்கும் அதே சொல்தான். ஆயிஷாவின் கதையைப் படித்த பிறகு அந்தப் பெயர்ப் பொருத்தத்தை நான் வெறும் இலக்கணமாகப் படிப்பிப்பதில்லை.

1977இல் கணவரின் பெயரால் அவர் நிறுவிய நைரோபி நிலையத்திலே கன்றோடு இரவில் பராமரிப்பாளர் ஒருவர் உறங்குவார். ஆனால் இன்று உறங்கியவர் நாளை வேறொரு கன்றிடம் போவார். எந்தக் கன்றும் ஒரே மனிதரை நம்பி வாழக்கூடாது. அன்பைக் குறைப்பதற்காகச் செய்யும் ஏற்பாடு அல்ல அது. கன்று அநாதையாவது ஒருமுறையோடு போதும் என்பதற்காக.

இங்கே எனக்கு ஆபுத்திரன் நினைவு வருகிறான். மணிமேகலையிலே, தாய் கைவிட்டுச் சென்ற அந்தக் குழந்தைக்கு ஏழு நாள் பால் கொடுத்துக் காத்தது ஒரு பசு. வளர்ந்து வேள்விக்குக் கட்டிய பசுவை மீட்டதால் அடி வாங்கி ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவன் அவன். அமுதசுரபி கிடைத்ததும் பாண்டி நாட்டிலே பசித்தோருக்கெல்லாம் உணவளித்தான். பின்னர் மழை பெய்து நாடு செழித்தது. உண்ண வருவார் எவருமில்லை. சாவக நாட்டிலே பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறினான். தொண்டு செய்யவென்று வெளிநாட்டுக்குக் கப்பலேறிய முதல் தமிழ் இளைஞன் அவன்தான் போலும்! இடையிலே மணிபல்லவத்தில் இறங்கியவனைக் கப்பல் விட்டுவிட்டுப் போய்விட்டது. நயினாதீவே மணிபல்லவம் எனக் கொள்வோர் பலர். பலரின் பசி தீர்க்கும் பாத்திரத்தைக் கொண்டு தன் பசியை மட்டும் தீர்க்க மனமின்றி, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான். அவனது தியாகத்தை எல்லோரும் பேசுவர். உண்பாரைத் தேடி அலைந்த அந்த இடைக்காலத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. நாடு செழித்தபோது அவன் மகிழ்ந்தானா, தவித்தானா? வகுப்பிலே இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள்.

மருமகள் இன்னும் எங்கும் போகவில்லை. பொலிவியாவுக்குப் போவதானால் உள்ளூராரோடு பேசத் தெரிய வேண்டும் என்று ஸ்பானிய மொழி படித்துக்கொண்டிருக்கிறாள். இங்கே வந்தால் உடவளவக்குக் கூட்டிச் செல்வதாகச் சொல்லியிருக்கிறேன். 1995ஆம் ஆண்டில் வனசீவராசிகள் திணைக்களம் தாயை இழந்த யானைக் கன்றுகளுக்கென அங்கே ஓர் இடைத்தங்கல் இல்லத்தை அமைத்தது. 'இடைத்தங்கல்' என்ற சொல்லை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முகாம்களுக்கு வந்து நம் பிள்ளைகளைத் தூக்கிவைத்துப் படம் பிடித்துச் சென்றவர்களையும் கண்டிருக்கிறோம். பெயரைக்கூடக் கேட்காமல் மலகூடம் கட்டித் தந்துவிட்டுப் போனவர்களையும் கண்டிருக்கிறோம்.

உடவளவயில் பார்வையாளர் தூரத்திலே அமைந்த மேடையில் இருந்துதான் பார்க்கலாம். தொட முடியாது, பாலூட்டவும் முடியாது. கன்றுகள் ஓடி வருகின்றன, பாலைக் குடிக்கின்றன, தம் கூட்டத்தோடு திரும்பிப் போகின்றன. வளர்ந்தவற்றை 1998 முதல் காட்டில் விட்டு வருகிறார்கள். அந்தத் தொகை நூறைக் கடந்துவிட்டது. அவ்வாறு போன பெண் யானைகள் சில, காட்டிலேயே கன்று ஈன்றிருக்கின்றன.