யாரிடம் கேட்டார்கள் கைரேகை?



கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ்காரனுக்குச் சோதனை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூமிக்குக் கீழே 3 கிலோமீட்டர் ஆழத்தில், தொட்டால் சுடும் பாறையோடு மல்லுக்கட்டிவிட்டு மேலே வந்தவனை நிறுத்தித் துழாவினார்கள். துணியில் தங்கக்கல் ஒளித்திருக்கிறானா என்று பார்த்தார்கள். அதுவும் போதாமல் 1930ல் கைரேகைப் பதிவு கொண்டுவந்தார்கள். "நாங்கள் என்ன குற்றவாளிகளா?" என்று நம் பாட்டன்மார் வேலையை நிறுத்தினார்கள். தங்கவயலே நின்றது!

லண்டனிலிருந்து இந்தச் சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி முதலாளிகளிடம் எவனாவது கைரேகை கேட்டானா? கேட்கவில்லை. சட்டை வெளுப்பாக இருந்தால் சந்தேகம் வராது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடினார்கள். அதன்பிறகு நம் பிள்ளைகள் விடியுமுன்னே ரயிலேறி பெங்களூருக்குப் போய் உழைக்கிறார்கள். அந்தக் காசின்மேல்தான் மோசடி நிதிக் கம்பெனிகளுக்குக் கண்.

பெங்களூரிலேயே ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் என்ன செய்தது? வட்டி இல்லை, லாபத்தில் பங்கு என்று மதநம்பிக்கையைச் சொல்லியே பணம் திரட்டியது. 2019 ஜூனில் அதன் தலைவர் மன்சூர் கான் துபாய்க்குப் பறந்தார். வாசலில் தாய்மார்கள் ரசீதோடு நின்றார்கள். நிறுவனத்துக்குச் சாதகமாக அறிக்கை தர லஞ்சம் வாங்கியதாக மாவட்ட ஆட்சியரே கைதானார். காவல் காக்க வேண்டிய நாற்காலி அது, தோழர்களே! சென்னையில் ஆருத்ரா கோல்டு டிரேடிங். 1 லட்சம் பேருக்கு மேலானவர்களிடம் திரட்டியது 2,438 கோடி ரூபாய் என்கிறது போலீஸ். பெயரில் தங்கம். அந்தத் தங்கத்துக்காக நுரையீரலில் பாறைத்தூள் நிரம்பிச் செத்தவர்களின் ஊர் இது. எனக்கு வயிறு எரிகிறது.

இந்தத் திருட்டு எப்படி நடக்கிறது தெரியுமா? உன் பணத்தை எடுத்தே உனக்கு முதல் இரண்டு மாதம் கொடுப்பான். நீ நம்பி, தங்கச்சியைச் சேர்ப்பாய். தங்கச்சி தன் நாத்தனாரைச் சேர்ப்பாள். மகளின் கல்யாணத்துக்கு வைத்த நகை அடகுக்குப் போகும். புதுப்பணம் வருவது நின்ற அன்றைக்கு முதலாளி விமானத்தில் இருப்பான். தெருவில் மாட்டுபவன் உன்னைச் சேர்த்துவிட்ட மச்சான். அண்ணன் வீட்டு வாசலில் தங்கை மண் அள்ளித் தூற்றுவாள். 1939ல் இந்தக் குற்றங்களுக்கு 'வெள்ளைக் காலர் குற்றம்' என்று பெயர் வைத்த அமெரிக்க ஆய்வாளர் சதர்லாந்து, பண நஷ்டத்தைவிட மனிதருக்குள் நம்பிக்கை சாவதே பெரிய நஷ்டம் என்றார். லைன் வீடுகளில் ஒரு சுவருக்கு இரண்டு குடும்பமாக வாழ்ந்த நமக்கு, நம்பிக்கை போனால் மிச்சம் என்ன?

சட்டம் இல்லாமல் இல்லை. முதலீட்டாளரைக் காக்க கர்நாடகத்தில் 2004லேயே சட்டம் வந்தது. 2019ல் வந்த மத்தியச் சட்டப்படி, அனுமதியில்லாமல் டெபாசிட் வாங்குவதே குற்றம். அவன் ஓடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிறகு ஏன் போலீஸ் கடை காலியான பிறகே வருகிறது?

ஏமாந்தவர்களே, வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்காதீர்கள். ரசீதை எடுத்துக்கொண்டு வாருங்கள். சேர்ந்தே புகார் கொடுப்போம். அரசைக் கேட்கிறேன்: முடக்கிய சொத்தை விற்று, சின்னத் தொகை போட்டவனுக்கு முதலில் கொடு. சாதகமான அறிக்கையில் கையெழுத்துப் போட்ட அதிகாரியையும் அதே கூண்டில் ஏற்று!