அப்பாவின் லாரியும் என் இன்ஜினீயரிங்கும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழிலில் கற்றதைப் பற்றிப் பேசு" என்று செயலாளர் சொன்னார். நான் கற்றதில் பாதி, சங்ககிரியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் 1986 மாடல் டாட்டா லாரியின் அடியில் படுத்துக் கற்றது. ஆகவே அதைப் பற்றியே பேசுகிறேன். பொறுத்தருள வேண்டும்.

அந்த வண்டியின் இன்ஜினுக்கு 697 என்று பெயர். ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றின் உள்விட்டமும் 97 மில்லிமீட்டர். அதுதான் அந்த எண்ணின் ரகசியம். மொத்தம் 5,675 சி.சி. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் பெரும்பாலான வேலையை வீட்டிலேயே பார்க்கலாம்.

2011-ல் இந்தக் கல்லூரியிலிருந்து பட்டத்தோடு ஊருக்குப் போய் இறங்கினேன். அப்பா படித்தது ஆறாம் வகுப்பு. க்ளீனராகத் தொடங்கி, டிரைவராகி, அந்த வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர். ஒருநாள் சொன்னார்: "மேட்டுல இழுக்க மாட்டேங்குது கண்ணு. பின்னாடி வலது வீலு வேற கொஞ்சம் சூடாவே இருக்குது."

முதல் பாதி மட்டும் என் காதில் விழுந்தது. டீசல் பம்பில் எரிபொருள் அளவை நிர்ணயிக்கும் ஸ்க்ரூவுக்குக் கம்பி கட்டி ஈய சீல் வைத்திருப்பார்கள். அப்பா தூங்கும்போது அந்த சீலை அறுத்து, ஸ்க்ரூவைத் திருகிவிட்டேன். மறுநாள் ஓட்டிப் பார்த்தவர், "புது வண்டியாட்டம் போகுதே, என்ன பண்ணுனே?" என்றார். "சும்மா ஒரு அட்ஜஸ்ட்மெண்ட்" என்றேன். தலைகால் புரியவில்லை எனக்கு.

பத்தாம் நாள், 150 மூட்டை சிமெண்டோடு தொப்பூர் கணவாய் ஏறும்போது தண்ணீர் கொதித்து, ஹெட் கேஸ்கட் போய்விட்டது. 58 வயது அப்பா சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, வருகிற வண்டிகளுக்கு டார்ச் அடித்துக்கொண்டு விடியும்வரை ரோட்டில் நின்றார். தொப்பூர் எப்படிப்பட்ட இடம் என்று இங்கே பலருக்குத் தெரியும். அந்த ராத்திரி ஏதாவது ஆகியிருந்தால் இன்று இந்த மேடையில் நான் நின்றிருக்க மாட்டேன்.

காரணம் நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. டர்போ இல்லாத இன்ஜின் இழுக்கும் காற்றுக்கு ஓர் அளவு உண்டு. அதை மீறி டீசலைக் கூட்டினால் கரும்புகையும் சூடும்தான் மிச்சம். ரேடியேட்டரோ போர் தண்ணீர் உப்பு படிந்து பாதி அடைத்திருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை.

வண்டி வீடு வந்ததும் அப்பா பம்பைப் பார்த்தார். அறுந்த கம்பியைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. "அந்த வீலைத் தூக்கிப் பாக்கலாம் வா" என்றார். ஜாக்கி போட்டு, கட்டை கொடுத்து, வீலைக் கையால் சுற்றினோம். சுற்றவில்லை. பிரேக் ஷூ முழுதாக விலகாமல் ட்ரம்மை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பிரேக் பிடித்திருக்கிற வண்டிக்குத்தான் நான் டீசலைக் கூட்டியிருக்கிறேன்!

பம்பை ஒர்க்‌ஷாப்பில் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பழைய அளவுக்கே கொண்டுவந்து, திரும்ப சீல் வைத்தோம். அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். அதில் இரண்டு விதி: முதலில் பழுது, பிறகுதான் முன்னேற்றம். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம்.

முதல் வருஷம் பிரேக்கும் ரேடியேட்டரும். போர் தண்ணீருக்குப் பதில் கூலண்ட். எந்தக் காலத்திலோ ஒரு மெக்கானிக் கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டினோம். அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடேற நேரமாகும். டீசலும் சரியாக எரியாது, லைனரும் தேயும்.

இரண்டாம் வருஷம் விளக்கு. பேட்டரியில் 24 வோல்ட், ஹெட்லைட்டில் அளந்தால் 19. மெல்லிய வயரும் கருகிய கனெக்டரும் ஐந்து வோல்ட்டைத் தின்றிருந்தன. ஐந்தில் ஒரு பங்கு வோல்ட் குறைந்தாலே பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ரிலே வைத்துப் புது வயர் இழுத்தோம். பல்பு அதேதான், ரோடு பளிச்சென்று தெரிந்தது.

பிறகு சீட், கண்ணாடி, ஒளிரும் பட்டை. நடுவில் அப்பாவும் எனக்குப் பாடம் எடுத்தார். முன் ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கிக்கொண்டுதான் கிங் பின்னுக்கு கிரீஸ் அடிக்க வேண்டும். பாரம் அழுத்தும்போது, போகவேண்டிய இடத்துக்கு கிரீஸ் போகாது. ஏர் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினம் திறந்து விட வேண்டும். இரண்டுமே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நோட்டுக் கணக்குப்படி மைலேஜ் லிட்டருக்கு 4 கிலோமீட்டரிலிருந்து நாலே முக்கால் ஆனது. பம்ப் ஸ்க்ரூவைத் தொடவே இல்லை.

2021-ல் பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கை வந்தபோது, "பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க" என்றார்கள் உறவினர்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. எவ்வளவு பராமரித்தாலும் 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 வண்டியின் சுத்தம் இதற்கு வராது. அதனால் வெளியூர் லோடை நிறுத்திவிட்டோம். மரவள்ளிக்கிழங்கு, செங்கல் என்று பக்கத்து லோடு மட்டும். அதுவும் வருஷா வருஷம் எஃப்.சி. தேறுகிறவரைக்கும்.

இன்று என் ஃபேக்டரியில் எந்த மெஷினில் மாற்றம் செய்யக் கையெழுத்துப் போடுவதானாலும், முதலில் அதை ஓட்டுகிறவரிடம் போய் நிற்கிறேன். "எந்த இடம் சூடா இருக்குதுங்க?" என்று கேட்கிறேன். மாணவத் தம்பிகளும் தங்கைகளும் அந்தக் கேள்வியை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டால் போதும்.

கடைசியாக ஒன்று. என் அப்பா அதோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அந்த சீலை அறுத்தது யார் என்று அவர் இதுவரை கேட்கவில்லை. நானும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான்தானுங்க அப்பா. மன்னிச்சிருங்க.