வியன்னா கட்டிய வீடுகள்



முதல் உலகப் போர் முடிந்த சமயம். ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் ஏழைகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மாடிக்கு ஒரு பொதுக்குழாய். தண்ணீருக்கு வாளியோடு அங்கேதான் போக வேண்டும். தனி வீட்டுக்கு வழியில்லாதவர்கள், அடுத்தவர் வீட்டுக் கட்டிலைச் சில மணி நேரம் வாடகைக்கு எடுத்துத் தூங்கினார்கள்.

மாநகராட்சியே வீடு கட்ட இறங்கியது. பணம்? நிதிப் பொறுப்பிலிருந்த ஹூகோ பிரைட்னர் 1923-இல் வீட்டு வரி கொண்டுவந்தார். சின்ன வீட்டுக்குச் சொற்பம், மாளிகைக்குப் பெருந்தொகை. நியாயமான கணக்கு! 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன.

அவற்றில் பெயர்பெற்றது கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பு வளாகம். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1,382 வீடுகள். வீட்டுக்குள்ளேயே குழாய், கழிப்பறை. வளாகத்திலேயே சலவைக்கூடம், மழலையர் பள்ளி, நூலகம். நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கட்டடம் இல்லை. மீதியெல்லாம் முற்றமும் மரங்களும். ஏழைக்கு ஊருக்கு வெளியே ஒதுக்குப்புறம் போதும் என்று மாநகராட்சியினர் நினைக்கவில்லை. வசதியானவர்கள் வாழும் வட்டாரத்தில், ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே கட்டினார்கள். நான் பெரிதும் மதிப்பது இதைத்தான்.

இன்றும் வியன்னாவாசிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் மாநகராட்சி வீட்டில்தான் குடியிருக்கிறார்.